இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன்

டோக்கியோவின் தென்பகுதியில் ஓகயாமா என்றொரு ரயில் நிலையம். நிலத்தடி நடைமேடையிலிருந்து படியேறி வெளியே வந்தால், எதிரிலேயே பல்கலைக்கழகம் தொடங்கிவிடுகிறது. வாசலை ஒட்டி, கஸுவோ ஷினோஹரா வடிவமைத்து 1987இல் எழுந்த நூற்றாண்டு மண்டபம் நிற்கிறது. அதன் தலைமேல் பாதியாக வெட்டிய உருளை ஒன்று, சற்றே வளைந்து வானத்தில் நீண்டிருக்கிறது. கட்டடக்கலை மாணவர்கள் அதைப் படமெடுக்கவே இங்கு வருகிறார்கள். என்னை இங்கே இழுத்து வந்தது ஒரு கறுப்புப் பொருள். டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் என்ற பெயரில் நெடுங்காலம் இயங்கி, 2024 அக்டோபரில் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்து புதுப்பெயர் பெற்ற இந்த நிறுவனத்தில்தான் 1930இல் யோகொரோ கட்டோவும் அவருடைய மாணவர் டக்கெஷி டக்கெயும் ஃபெரைட்டைக் கண்டுபிடித்தார்கள்.

ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடோடு துத்தநாகம், தாமிரம், கோபால்ட் போன்ற இன்னொரு உலோகத்தின் ஆக்சைடைப் பொடியாகக் கலந்து சூளையில் சுட்டெடுப்பது. தொட்டுப் பார்த்தால் பீங்கான் மாதிரி இருக்கும், தரையில் போட்டால் உடையும், ஆனால் காந்தத் தன்மை கொண்டது. அன்றைய மின்பொறியாளர்களுக்குக் காந்தப் பொருள் என்றாலே உலோகம்தான். உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். காந்தப்புலம் ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திசை மாறும் வானொலிச் சுருளுக்குள் அதை வைத்தால், உள்ளே சுழல் மின்னோட்டம் எழுந்து சூடாகி ஆற்றலைத் தின்றுவிடும். ஆக்சைடில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. டக்கெ தேடிப் போனது இதை அல்ல. துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து பிரிக்கும்போது, அமிலத்தில் கரைய மறுத்து அடியில் தங்கிவிடும் துத்தநாக ஃபெரைட் உலோக ஆலைகளுக்குப் பெருந்தலைவலியாக இருந்தது. அந்த வேண்டாத பொருளின் குணங்களை ஆராய உட்கார்ந்தவர், அதன் உறவுக்காரப் பொருள்கள் ஒவ்வொன்றின் காந்த குணத்தையும் அளந்துகொண்டே போனார். அளவிடும் கருவியின் மின்விசையை அணைக்காமல் அவர் வீடு திரும்பிவிட்டதாகவும், காந்தப்புலத்துக்குள்ளேயே மெல்ல ஆறிய கோபால்ட் ஃபெரைட் மறுநாள் வலுவான காந்தமாக மாறியிருந்ததாகவும் ஒரு செய்தி அந்த வட்டாரத்தில் சொல்லப்படுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பைத் தொழிலாக்க 1935இல் கென்ஸோ சாய்ட்டோ தொடங்கிய நிறுவனம்தான் டி.டி.கே. 1937இல் அவர்கள் ஃபெரைட் உள்ளகங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் மாமாக்களின் பெட்டியில் செண்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த டி.டி.கே. கேசட்டை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாடாவின் பழுப்பு நிறம் இரும்பு ஆக்சைடின் நிறம். அரை மைக்ரான் நீளமுள்ள ஊசிகளாக அதை வளர்த்து, பசையில் கலந்து, பிளாஸ்டிக் நாடாவில் பூசியிருந்தார்கள். இளையராஜாவின் வயலின்கள் நம் வீடுகளுக்கு வந்தது இந்தத் துருவின் மேல் ஏறித்தான்.

இத்தனை அறிந்திருந்தும், அந்தத் துகள்கள் ஒரு குடுவைக்குள் பிறப்பதை நான் கண்ணால் கண்டதில்லை. நண்பரின் மகள் ஒருத்தி, திருநெல்வேலிக்காரி, மேற்கு ஜப்பானின் ஒகயாமா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் காந்த ஆக்சைடுகளில் ஆய்வு செய்கிறாள். (பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் டோக்கியோவின் ஓகயாமாவுக்கும் இதற்கும் நடுவே புல்லட் ரயிலில் மூன்று மணி நேரத்துக்கும் மேல்.) "மாமா, லேபுக்கு வர்றதுக்கு முன்னாடி ஃபுகியா போயிட்டு வாங்க. அந்தச் சிவப்பப் பாத்துட்டு வந்தீங்கன்னா எங்க கறுப்பு நல்லாப் புரியும்" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவள் சொன்ன வரிசை எவ்வளவு சரியானது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒகயாமாவிலிருந்து ஹகுபி ரயில்பாதை டகஹாஷி ஆற்றை ஒட்டியே மலைக்குள் நுழைகிறது. பிட்ச்சு டகஹாஷி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தால் வளைந்து வளைந்து ஒரு மணி நேர ஏற்றம். ஏறும் வழியெல்லாம் மூங்கிலும் சீடர் மரமும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில், வேறெங்கும் போகாத ஒற்றைத் தெருவாக ஃபுகியா கிடக்கிறது. தெரு முழுக்கச் சிவப்பு. கூரை ஓடு செம்பழுப்பு, மண்சுவர் காவி, சன்னல்களின் மரச்சட்டங்கள் காய்ந்த குங்குமம். ஓடுகளின் நிறம் ஷிமானே பக்கத்துச் சூளைகளின் கைவண்ணம், அங்கிருந்து வந்த ஆட்கள் வேய்ந்தது. சுவர்களின் நிறமும் மரத்தின் நிறமும் இந்த ஊரிலேயே செய்த பெங்கராவின் நிறம். பெங்கரா என்பது ஹெமடைட், அதாவது இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் அமைந்த இரும்பு ஆக்சைடு.

ஊரின் முதல் செல்வம் தாமிரம். மலையைக் குடைந்த யொஷியோகா சுரங்கத்தை 1873இல் மிட்சுபிஷி வாங்கியது. தாமிரத் தாதுவோடு சேர்ந்து வந்த கந்தக இரும்பைத் தூக்கி எறியாமல், அதிலிருந்து சிவப்பைப் பிரித்தெடுக்கும் தொழில் அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜப்பானில் வேறு இடங்களிலும் செம்பொடி செய்தார்கள். ஆனால் அரிட்டா பீங்கானின் சிவப்புப் பூவுக்கும், குட்டானி கிண்ணத்துக்கும், வஜிமா அரக்குப் பாத்திரத்துக்கும் ஃபுகியாவின் பொடியைத்தான் கைவினைஞர்கள் தேடினார்கள். 1974இல் உற்பத்தி நின்றது. மெய்ஜி காலத்துப் பட்டறையை மறுபடி கட்டி எழுப்பி, பெங்கரா கான் என்ற பெயரில் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டறையில் நான் நெடுநேரம் நின்றேன். செய்முறை படிப்படியாக அங்கே விரிகிறது. கந்தக இரும்புத் தாதுவை வறுத்து, நீரில் கரைத்துக் காய்ச்சி, பச்சைப் பளிங்காக இரும்பு சல்ஃபேட்டை எடுப்பார்கள். நம் ஊரில் அன்னபேதி என்று நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கிறதே, அதேதான். அதை மண்தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, தட்டின்மேல் தட்டாக அடுக்கி, பைன் விறகில் சுட்டெடுப்பார்கள். சல்ஃபேட் சிதைந்து கந்தகப் புகையாக வெளியேற, தட்டில் சிவப்பு மிஞ்சும். இதோடு வேலை முடிந்துவிடவில்லை. பொடியைத் தொட்டியில் போட்டுக் கலக்கி, கனத்த மணல் அடியில் தங்கியதும் மேலே மிதக்கும் நுண்பொடியை அடுத்த தொட்டிக்கு மாற்றி, நீர்ச்சக்கரம் சுழற்றும் கல் இயந்திரத்தில் அரைத்து, அமிலம் முற்றிலும் நீங்கும்வரை மீண்டும் மீண்டும் கழுவி, வெயிலில் உலர்த்துவார்கள். தொட்டிகள் வரிசையாகக் கிடக்கின்றன. சிவப்பு இன்னும் கல்லின் இடுக்குகளில் ஒட்டியிருக்கிறது.

இந்தக் கழுவலும் பிரிப்பும் எதற்காக என்று ஒரு வேதியியல்காரரைக் கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: அளவு. ஹெமடைட் துகள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 நானோமீட்டர் அளவில் இருந்தால் நிறம் பளீரென்ற சிவப்பு. ஒரு மைக்ரானைத் தாண்டினால் ஊதா கலந்து மங்கிவிடும். பொருள் அதே பொருள், வாய்பாடும் அதேதான். சூடு கூடிவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளரும், நிறம் கெடும். சூடு போதாவிட்டால் சல்ஃபேட் மிச்சமிருக்கும், பீங்கானில் பூசினால் கறுக்கும். ஃபுகியாவின் சூளைக்காரர்களிடம் வெப்பமானி கிடையாது. விறகு எரியும் நிறத்தையும் புகையின் நெடியையும் வைத்துத் தீயை அணைக்கும் நேரத்தை முடிவு செய்தார்கள். நானோமீட்டர் என்ற அளவே பிறக்காத காலத்தில் நானோமீட்டர் கணக்கில் வேலை செய்தவர்கள் என்று அவர்களைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தெருவில் ஒரு கடையில் பெங்கரா பொட்டலம் ஒன்று வாங்கினேன். ஒகயாமா நிலையத்தருகே 100 யென் கடையில் வாங்கிய நியோடைமியம் காந்தம் பையில் இருந்தது. காகிதத்தில் கொஞ்சம் பொடியைக் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினேன். கண்ணுக்குத் தெரிய ஒரு துகள்கூட அசையவில்லை. ஹெமடைட்டில் பக்கத்துப் பக்கத்து இரும்பு அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுவதுமாக ஈடுசெய்துவிடுகின்றன. எஞ்சுவது மிகமிகச் சொற்பம். எடையில் பாதிக்கு மேல், சரியாகச் சொன்னால் 70 விழுக்காடு, இரும்பாக இருந்தும் காந்தத்தைக் கண்டுகொள்ளாத பொடி.

ஃபுகியாவின் பழைய தொடக்கப்பள்ளியையும் பார்த்தேன். 1900களின் தொடக்கத்தில் எழுந்த மரக்கட்டடம், 2012 வரை பிள்ளைகள் படித்தார்கள், இப்போது காட்சியகம். அழகான கட்டடம்தான், ஆனால் என் மனமெல்லாம் அந்தத் தொட்டிகளிடமே இருந்தது. மாலைப் பேருந்தில் மலையிறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஆய்வகம். காலணியை மாற்றி, கண்ணாடியும் வெள்ளை அங்கியும் மாட்டிக்கொண்ட பிறகுதான் நண்பரின் மகள் என்னைப் புகைபோக்கிப் பெட்டிக்கு அருகே விட்டாள். உள்ளே மூன்று வாய்கள் கொண்ட கண்ணாடிக் குடுவை. ஒரு வாயில் நைட்ரஜன் குழாய், தண்ணீருக்குள் குமிழ்விட்டுக்கொண்டே இருக்கிறது. "தண்ணியில இருக்குற ஆக்சிஜனத் துரத்துறேன் மாமா. அரை மணி நேரம் ஓடட்டும்" என்றாள். இரண்டு புட்டிகளை எடுத்தாள். ஒன்றில் ஃபெர்ரிக் குளோரைடு, ஈரம் உறிஞ்சி நசநசக்கும் மஞ்சள் கட்டிகள். மற்றொன்றில் ஃபெர்ரஸ் குளோரைடு, வெளிறிய பச்சை. முதலாவதில் இரண்டு பங்கு, இரண்டாவதில் ஒரு பங்கு, எடையில் அல்ல, மோல் கணக்கில். மேக்னடைட் என்ற கறுப்புக் காந்தக் கல்லில் இரும்பு இந்த விகிதத்தில்தான் இரண்டு வகையாக அமர்ந்திருக்கிறது. காற்று உள்ளே புகுந்தால் ஃபெர்ரஸ் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஃபெர்ரிக்காக மாறி, விகிதம் கெட்டுவிடும். நைட்ரஜன் குமிழின் பொருள் அதுதான்.

நடுவாயில், மேலிருந்து மோட்டார் சுழற்றும் துடுப்பு. எந்த வேதியியல் ஆய்வகத்திலும் கரைசலைக் கலக்க, உள்ளே ஒரு சின்னக் காந்தக் கட்டையைப் போட்டு அடியிலிருந்து சுழற்றுவார்கள். இங்கே அது கூடாது. பிறக்கிற துகள் அத்தனையும் அந்தக் கட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பாடநூலிலும் நான் படிக்காத இந்தச் சின்னச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. நேரில் போனால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

80 டிகிரி வந்ததும் அமோனியாவை ஊசிக்குழாயால் உள்ளே செலுத்தினாள். ஆரஞ்சு நிறக் கரைசல் கறுத்தது. மெல்லப் படர்ந்து கறுக்கவில்லை, கண் இமைக்கும் முன் முழுக் குடுவையும் கறுப்பு. கரைசலில் தனித்தனியாக அலைந்த இரும்பு அயனிகள் காரத்தைக் கண்டதும் லட்சம் கோடி இடங்களில் ஒரே சமயத்தில் பளிங்காகக் கட்டிவிட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நானோமீட்டர். அந்த அளவுள்ள ஒரு மேக்னடைட் உருண்டையில் எத்தனை இரும்பு அணு இருக்கும் என்று அவளுடைய கணிப்பானில் கணக்குப் போட்டுப் பார்த்தோம், சுமார் 21,000. அவை எல்லாம் ஒழுங்கான வரிசையில் உட்கார்ந்திருப்பவை. ஒரு கிராம் பொடியிலுள்ள துகள்களின் மேற்பரப்பை எல்லாம் விரித்தால் அரை கிரவுண்டு மனைக்கு வரும். நச்சு உலோகத்தையோ மருந்தையோ அதன்மேல் ஒட்டவைக்கலாம் என்று உலகம் முழுக்க வேதியியலாளர்கள் ஆசைப்படுவது இந்தப் பரப்பினால்தான்.

பீக்கரில் ஊற்றி, பக்கவாட்டில் காந்தத்தை வைக்கச் சொன்னாள். கறுப்பு முழுவதும் அந்தப் பக்கச் சுவரில் போய்ச் சேர, மறுபக்கம் தண்ணீர் தெளிந்தது. தெளிந்ததைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, மீண்டும் காந்தம். ஃபுகியாவின் தொட்டி வரிசையில் புவியீர்ப்பு செய்த வேலையை இங்கே காந்தம் செய்கிறது. அமோனியா நெடி போகும்வரை கழுவினோம்.

"இப்ப காந்தத்த எடுத்துட்டுக் குலுக்குங்க."

குலுக்கினேன். கட்டி எதுவும் இல்லாமல் மறுபடி சீரான மை. இரும்புத் தூளாக இருந்தால் ஒருமுறை காந்தத்தின் அருகே வந்துவிட்டபின் தானே காந்தமாகி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரளும். இந்தத் துகள்கள் அப்படிச் செய்வதில்லை. ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே போனதும், அறையின் சாதாரண வெப்பமே துகளின் காந்தத் திசையை நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை புரட்டிப் போட்டுவிடுகிறது. வெளிக் காந்தம் அருகில் இருக்கும்வரை எல்லாம் ஒரே திசையில் நிற்கும். அது விலகிய கணத்தில் நினைவை இழந்துவிடும். மீகாந்தத் தன்மை என்று இதைச் சொல்கிறார்கள். உடலுக்குள் செலுத்தும் துகளுக்கு இந்த மறதி உயிர்நாடி, இல்லாவிட்டால் ரத்தக் குழாயில் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். சிறுநீரக நோயாளிகளின் இரும்புச் சத்துக் குறைவுக்கு அமெரிக்காவில் 2009இல் அனுமதி பெற்ற ஃபெருமாக்சிடால் என்ற ஊசிமருந்து, சர்க்கரை சார்ந்த உறை போர்த்திய இதே வகை இரும்பு ஆக்சைடுத் துகள்தான்.

அமோனியா ஊற்றிக் கறுப்பை எடுக்கும் முறையை எளிமையாக்கிப் பரப்பியவர் பாரிஸில் இருந்த ரெனே மஸ்ஸார், ஆண்டு 1981. அதற்கு முன்பு, 1963இல், நாசாவின் ஸ்டீவ் பாப்பெல் காந்த நீர்மம் செய்தது வேறு வழியில். மேக்னடைட்டை ஓலியிக் அமிலமும் மண்ணெண்ணெயும் சேர்த்து உருளை இயந்திரத்தில் நெடுநாள் அரைத்தார். எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து வரலாம் என்பது அவர் எண்ணம். அது கைகூடவில்லை, ஆனால் அந்தக் கறுப்புத் திரவம் இன்று ஒலிபெருக்கிச் சுருள்களைச் சுற்றி நின்று சூட்டைத் தணிக்கிறது. ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் அதைக் கொஞ்சம் ஊற்றி என் கையில் தந்தாள். அடியில் காந்தத்தைக் கொண்டுபோனதும் திரவத்தின் மேற்பரப்பு முட்களாக எழுந்து நின்றது. சச்சிகோ கொடாமா என்ற ஜப்பானியக் கலைஞர் 2000 முதல் இதைக் கொண்டே சிற்பங்கள் படைத்துவருகிறார். அவரை இதில் மயக்கியது எது என்று எனக்கு அப்போது விளங்கியது.

இன்னொரு மேசையில் வேறொரு வழி. தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் டேக்வான் ஹியோன் குழு 2004இல் வெளியிட்ட முறை அது. இரும்பு குளோரைடையும் சோப்பின் உறவான சோடியம் ஓலியேட்டையும் சேர்த்து இரும்பு ஓலியேட் என்ற செம்பழுப்புக் குழம்பு செய்து, கொதிநிலை உயர்ந்த எண்ணெய் ஒன்றில் கரைத்து, நிமிடத்துக்கு 3.3 டிகிரி வீதம் 320 டிகிரிவரை ஏற்ற வேண்டும். சேர்மம் ஒரே வீச்சில் சிதைந்து, எல்லாத் துகளும் ஒரே வேளையில் பிறந்து, ஒரே வேகத்தில் வளர்கின்றன. ஒரே சமைப்பில் 40 கிராம், அதுவும் தரம்பிரிக்கும் வேலையே இல்லாமல். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் இரண்டைத் திரையில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினாள். அமோனியா வழியில் பிறந்தவை சின்னதும் பெரிதுமாகக் கலந்து கிடந்தன. எண்ணெயில் பிறந்தவை அத்தனையும் 12 நானோமீட்டர், தேனடையின் அறைகள்போல ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நின்றன. முதல் முறை மலிவு, தண்ணீரே போதும், பத்து நிமிடத்தில் முடியும். இரண்டாவதில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் துகள்மேல் போர்த்திய எண்ணெய்ப் படலத்தை மாற்றாமல் தண்ணீரில் கலக்க முடியாது. எது சிறந்தது என்று கேட்டேன். எதற்கு வேண்டும் என்று சொன்னால்தான் பதில் சொல்வேன் என்றாள். நல்ல பதில்.

என் கண் அதிகம் போனது அவளுடைய குறிப்பேட்டுக்கு. அமோனியாவை எத்தனை நொடியில் செலுத்தினாள், துடுப்பு நிமிடத்துக்கு எத்தனை சுற்று, கரைசலின் பி.எச். என்ன, குளோரைடுப் புட்டியின் தொகுதி எண் என்ன, அன்று அறையின் ஈரப்பதம் எவ்வளவு என்று எல்லாம் பேனாவால் எழுதியிருந்தாள். ஏன் இத்தனை என்றதும் தன் எம்.எஸ்சி. நாட்களைப் பற்றிச் சொன்னாள்.

"ஊர்ல வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு வெச்சு நானோ துகள் செஞ்சோம் மாமா. பேப்பரும் வந்துச்சு. அடுத்த வருஷம் ஜூனியர் பொண்ணு அதே மாதிரி செஞ்சா வேற என்னமோ வந்துச்சு. எந்த மரத்து இலை, எந்த மாசம் பறிச்சது, எவ்வளவு நேரம் கொதிச்சது, ஒண்ணுமே நாங்க எழுதி வெக்கல."

இது ஒரு கல்லூரியின் கதை மட்டும் இல்லை. இலைச்சாறு வழியைப் பசுமைத் தொகுப்பு என்ற பெயரில் நாடெங்கும் செய்கிறார்கள். அந்த ஆர்வத்தை நான் குறைத்துப் பேசவில்லை, அதன் பின்னால் இருக்கும் பணத்தட்டுப்பாடும் எனக்குத் தெரியும். ஆனால் இலையின் சாறு பருவத்துக்குப் பருவம் மாறும் ஒரு கலவை. அதை அளக்காமல் செய்த துகளை வேறொருவர் மறுபடி செய்ய முடியாது. மறுபடி செய்ய முடியாததை அறிவியல் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

மதியத்துக்குமேல் அவள் எனக்காகவே ஒரு சோதனை செய்தாள். கழுவி உலர்த்திய கறுப்புப் பொடியைக் காற்றில் மிதமாகச் சூடாக்க, அது செம்பழுப்பானது. கேசட் நாடாவின் நிறம். இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன், பெயர் மேகமைட். காந்தத்தைக் காட்டினால் துள்ளிக்கொண்டு வந்து ஒட்டியது. அதிலேயே ஒரு சிட்டிகையைப் பீங்கான் படகில் வைத்து 600 டிகிரி உலைக்குள் தள்ளினாள். ஆறியதும் வெளியே எடுத்தால், ஃபுகியாவின் சுவர். அதே இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன். அணுக்கள் அடுக்கப்பட்ட முறை மட்டும் மாறியிருக்கிறது. காந்தத்தைக் காட்டினேன், அசையவே இல்லை. என் பையிலிருந்த பெங்கராப் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் கொட்டினோம். ஃபுகியாவில் வாங்கிய பொடி சற்றே கூடுதல் பளிச்சென்று இருந்தது.

"இதே ஃபார்முலாவுல இன்னொண்ணு இருக்கு" என்று அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள். எப்சிலான் இரும்பு ஆக்சைடு. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஷினிச்சி ஓகொஷியின் குழு 2004இல் இதைத் தூய்மையாகச் செய்து அளந்தபோது, காந்தத் திசையைத் திருப்ப 20 கிலோ ஓர்ஸ்டெட் வலுவுள்ள எதிர்ப்புலம் தேவைப்பட்டது. அதுவரை எந்த உலோக ஆக்சைடும் அவ்வளவு பிடிவாதம் காட்டியதில்லை. மறதியே குணமான மேக்னடைட் துகளுக்கு நேர் எதிரான பிறவி. ஆனால் இது சிறியதாக இருக்கும்வரைதான் உயிர்வாழும். வளர்ந்தால் ஹெமடைட்டாக மாறிவிடும், காந்தம் போய்விடும். அதனால் எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளில் இரும்புச் சேர்மத்தைச் சிறைவைத்து, சுற்றிலும் சிலிக்காவால் ஓடு கட்டி, அதன்பிறகே 1000 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். அவ்வளவு சூட்டிலும் பக்கத்துத் துகளோடு ஒட்டிப் பெருத்துவிடாதபடி ஓடு காக்கிறது. கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடில் ஓட்டைக் கரைத்து எடுத்துவிட்டால் உள்ளிருப்பது கையில் கிடைக்கும்.

என் பயணத்தின் கடைசிப் பகுதியை முடிவு செய்தது இந்த எப்சிலான்தான். ஒகயாமாவிலிருந்து அக்கோ பாதையில் முக்கால் மணி நேரம் போனால் இம்பே. பிஸென் மண்பாண்டங்களின் ஊர், செங்கல் புகைபோக்கிகள் வீட்டுக் கூரைகளுக்கு மேலே நிற்கின்றன. இங்கே பாண்டத்துக்கு மெருகுப் பூச்சு கிடையாது. செம்பைன் விறகில் ஒரு வாரத்துக்கும் மேலாகச் சுடுகிறார்கள், 1200 டிகிரியைத் தாண்டும். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பாண்டங்களுக்கிடையே வைக்கோல் சுற்றி வைப்பார்கள். வைக்கோல் பட்ட இடமெல்லாம் நெருப்புச் சிவப்பாகக் கோடு விழுகிறது. வைக்கோலின் பொட்டாசியம் களிமண்ணை உருக்கி, அந்த உருகலில் ஹெமடைட் பளிங்குகள் வளர்வதே அந்தக் கோடு. யொஷிஹிரோ குஸானோ, ஜுன் டக்காடா உள்ளிட்டோர் இந்தச் சிவப்பைத் துகள் துகளாக ஆராய்ந்தார்கள். ஆக்சிஜன் குறைந்த நிலையில் சுட்டதில், களிமண்ணில் பிறந்த முல்லைட் ஊசிகளின்மேல் எப்சிலான் இரும்பு ஆக்சைடு வளர்ந்திருப்பதை 2008இல் வெளியிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஓசாகாவில் இறங்கி, நகனோஷிமாவின் கீழைநாட்டுப் பீங்கான் அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமான எண்ணெய்ப்புள்ளிக் கிண்ணத்தைப் பார்த்தேன். சீனாவின் தென்சோங் காலம், ஃபூஜியன் பகுதியின் ஜியன் சூளை, விளிம்பில் தங்கப் பட்டை, கறுப்பு மெருகில் வெள்ளிப் பொட்டுகள். இந்தக் கிண்ணத்தையே யாரும் துருவிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதே வகை ஜியன் சூளையின் உடைந்த ஓடுகளை அமெரிக்காவின் பெர்க்லியில் சிங்க்ரோட்ரான் கதிரில் வைத்துப் பார்த்தவர்கள், எண்ணெய்ப்புள்ளிகளின் மேற்பரப்பில் எப்சிலான் பளிங்குகள் நிறைந்திருப்பதாக 2014இல் அறிவித்தார்கள். அதுவும் மைக்ரான் அளவுக்கு வளர்ந்தவை. சிலிக்கா ஓட்டுக்குள் அடைத்து நானோ அளவில் ஆய்வகம் காப்பாற்றும் ஒரு பொருளை, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குயவர் தேநீர்க் கிண்ணத்தின் மெருகில் பெரிதாக வளரவிட்டிருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது எனக்குள் பெருமிதமும் ஏக்கமும் ஒன்றாக எழுந்தன. ஏக்கம், அந்தக் குயவர் எதையும் எழுதி வைக்காமல் போனதற்கு. ஒரே சூளையில் பக்கத்தில் வைத்த கிண்ணங்களில்கூட இந்தப் புள்ளிகள் ஒன்றுபோல் வந்ததில்லை. ஃபுகியாவின் சிவப்பும் அதைச் செய்த கைகளோடு 1974இல் நின்றுபோனது.

நம் ஊர்க் கல்லூரிகளில் வேதியியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இரண்டு இரும்பு குளோரைடுகள், அமோனியா, ஒரு புகைபோக்கிப் பெட்டி, கையுறை, கண்ணாடி, ஒரு நல்ல காந்தம். இவை இருந்தால் இளங்கலை மாணவர்களே மேக்னடைட் துகள் செய்துவிடலாம். அதை ஒருமுறை செய்யவைத்து மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, முதல்முறை எழுதிய குறிப்பை மட்டும் பார்த்து, வேறொரு மாணவரைச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபின் மதிப்பெண் போடுங்கள்.